பிடித்துக்கொள்ள ஒரு கை

கெலாங் பாத்தா ஊரில் ஜெயபாலன் வீட்டுப் போர்ச்சில் கார் நின்று யாரும் பார்த்ததில்லை. வெயிலோ மழையோ, அந்தப் பழைய கார் பாவம் ரோட்டோரத்தில்தான் கிடக்கும். போர்ச் முழுக்கப் பிளைவுட் பலகைகள், கிளாம்புகள், ஒரு ரம்ப மெஷின், இரண்டு டிரில். நடுவில், யாரோ வேண்டாமென்று தூக்கிப் போட்ட கதவை வைத்துச் செய்த மேசை. அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். அது சந்திரமதியின் இடம்.

ஜெயபாலன் பிழைப்புக்கு ஓட்டியது ஃபேக்டரி பஸ். காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு வந்தானென்றால், மாலையில் அவர்களை ஏற்றப் போகும்வரை வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் பஸ்ஸிலேயே கால் நீட்டிக் குறட்டை விடுவார்கள். இந்த மனிதனுக்குச் சும்மா இருந்தால் உடம்பு அரிக்கும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தச்சுவேலை கற்றுக்கொண்டான். செருப்பு அலமாரி, கிச்சன் கேபினெட், சாமி மேடை என்று யார் கேட்டாலும் செய்து கொடுப்பான். பிளைவுட்டுக்குக் காசு வாங்குவான், தன் கைவேலைக்கு வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுவான். அந்தக் கூச்சத்துக்காக மனைவியிடம் வாங்கிய பேச்சுக்குக் குறைவில்லை.

சந்திரமதி பண்டார் தெங்காராவில் செம்பனைக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள். பிள்ளை பிறக்கவில்லை. சொந்தக்காரர்கள் கொஞ்ச காலம் கோயில் கோயிலாகப் போகச் சொன்னார்கள், அப்புறம் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துவிட்டது. வீட்டில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் நாளில் பாதியைப் போர்ச்சில்தான் கழித்தார்கள்.

ஜெயபாலன் துளை போடுவான். சந்திரமதி ஸ்டூலில் உட்கார்ந்து, தூசி உறிஞ்சும் வேக்கத்தின் ஹோஸை டிரில் பக்கத்தில் பிடித்திருப்பாள். வாயில் ஒரு துண்டு கட்டியிருப்பாள், ஆனால் அது பெரும்பாலும் கழுத்தில்தான் தொங்கும். ஏனென்றால் அவளுக்குப் பேச வேண்டும். வேக்கம் போடும் இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி, பக்கத்து மூர்த்தி வீட்டுச் சண்டை, கோயில் தலைவரின் புது கார், மார்க்கெட்டில் மீன் விற்ற லட்சணம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"துண்ட மேல ஏத்து மதி" என்பான் ஜெயபாலன்.

"ஏத்திட்டா எப்படிப் பேசறது? நீங்கதான் ஊமை மாதிரி வேலை செய்றீங்க. ரெண்டு பேரும் ஊமையா இருந்தா வீடு விளங்குமா?"

அவன் சிரித்துவிட்டு அடுத்த துளைக்குப் போவான். அந்தச் சிரிப்புக்காகப் பிறகு அவன் தன்னைத்தானே எவ்வளவு திட்டிக்கொண்டான் என்று சொல்லி மாளாது.

இருமல் முதலில் சாதாரணமாகத்தான் வந்தது. மருந்துக் கடையில் வாங்கிய பாட்டில், கற்பூரவள்ளி, கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. மார்க்கெட்டிலிருந்து வீடு வருவதற்குள் மூச்சு வாங்கி வழியில் நின்ற அன்றுதான் ஜெயபாலன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டிப் பொறுமையாக விளக்கினார். நுரையீரல் தழும்பு பிடித்து இறுகிக்கொண்டு வருகிறதாம். போன பகுதி திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

"தூசியாலதான் வந்திச்சா டாக்டர்?" என்று கேட்டான்.

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா இனிமே தூசி பக்கமே அவங்க போகக்கூடாது."

டாக்டரம்மா உறுதியாகச் சொல்லவில்லை. ஜெயபாலன் உறுதி செய்துகொண்டான். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் கண்ணில் அந்தத் துண்டு கழுத்தில் தொங்கியபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் டிரில்லைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். சந்திரமதி விடவில்லை. "நீங்க சும்மா வீட்டச் சுத்திச் சுத்தி வந்தீங்கன்னா நோவு என்னைக் கொல்றதுக்கு முன்னாடி நீங்க கொன்னுடுவீங்க. போய் வேலையப் பாருங்க லா" என்று விரட்டினாள். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத் துணி திணித்து, அவளை உள்ளே உட்காரவைத்துவிட்டு அவன் மட்டும் போர்ச்சுக்குப் போனான். வேலை ஓடவில்லை. கண் அந்தக் காலி ஸ்டூலுக்கே போயிற்று. கண்ணாடிக்கு உள்ளே அவள் டிவியைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவனுக்குள் வெறி மாதிரி ஒன்று புகுந்தது. போர்ச்சில் ஒரு பொட்டுத் தூசி பறக்காமல் செய்துவிட்டால் மதி மறுபடி இங்கே வந்து உட்காரலாம். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அலமாரியும் வேண்டாம், பேரும் வேண்டாம்.

வேக்கத்தின் ஹோஸ் பெரிய வாய், ரம்ப மெஷினில் தூசி வெளியே வரும் குழாய் சின்ன வாய். இரண்டும் சேராது. கடையில் கேட்ட இணைப்பு எதுவும் அளவுக்குப் பொருந்தவில்லை. ஜெயபாலன் ஒரு பிவிசி பைப் துண்டை எடுத்து, சமையலறை அடுப்பில் வாட்டி, இளகியதும் மெஷின் வாயில் அழுத்திச் செருகினான். அது ஆறி இறுகியபோது அச்சாகப் பொருந்தியது. மறு பக்கம் மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டி, கிளிப் போட்டு ஹோஸோடு முறுக்கினான். வீடு முழுக்க நாற்றம்.

"சோறாக்குற அடுப்பில பிளாஸ்டிக்க வாட்டுறீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?" என்று சந்திரமதி உள் அறையிலிருந்து கத்தினாள். கத்த முடிந்ததே என்று அவனுக்குச் சந்தோஷம்.

அடுத்து டிரில். அலமாரியின் இரண்டு பக்கப் பலகையிலும் வரிசையாகத் துளை போட்டால்தான், தட்டை வேண்டிய உயரத்தில் ஏற்றி இறக்கி வைக்கலாம். இடதும் வலதும் நகக்கண் அளவு பிசகினாலும் தட்டு ஆடும். முன்பெல்லாம் அளவு டேப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க மறுமுனையை இவன் பிடித்துக் குறிப்பார்கள். இப்போது தனி ஆள். அதனால் ஒரு பிளைவுட் சட்டத்தில் சம இடைவெளி விட்டுத் துளைகள் போட்டு அளவுப்பலகை ஒன்று செய்தான். அதை வைத்து அதன் துளை வழியே டிரில்லை இறக்கினால் போதும். ஒரு வரிசை முடிந்ததும் பலகையை மேலே நகர்த்த வேண்டும். அப்போது வழுக்காமலிருக்க, மீ கடையில் நூடுல்ஸோடு கொடுத்த சாப்ஸ்டிக்கை நறுக்கி, பலகையின் முதல் துளை வழியாகக் கடைசியாகப் போட்ட துளைக்குள் செருகினான். பலகை அசையவே இல்லை. எண்ணெய் பாட்டிலின் மேல் பாதியை அறுத்துப் புனல் மாதிரி பலகையில் பொருத்தி, அதன் கழுத்தில் ஹோஸை மாட்டினான். துளையிலிருந்து வரும் தூள் அப்படியே உள்ளே போயிற்று.

தூசி போயிற்றா என்று கண்ணை நம்ப அவன் தயாராக இல்லை. சந்திரமதியின் கருநீலக் கைலி ஒன்றை நனைத்துப் பிழிந்து சிவப்பு ஸ்டூல்மேல் விரித்துவிட்டு வேலை செய்வான். முடிந்ததும் குனிந்து பார்ப்பான். மஞ்சளாகத் தூள் ஒட்டியிருக்கும். எந்த இணைப்பில் கசிகிறது என்று தேடி ஒட்டும் டேப் சுற்றுவான், டியூபை மாற்றுவான். மறுபடி விரிப்பான். பக்கத்து வீட்டு மூர்த்தி, "என்னாண்ணே, ஸ்டூலுக்குக் கைலி கட்டி விடுறீங்க" என்று கிண்டலடித்தான். ஜெயபாலன் காதில் வாங்கவில்லை.

ஒருநாள் கைலி சுத்தமாக இருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஒன்றுமில்லை. மறுநாளும் அப்படியே. ஜெயபாலன் முகம் கழுவிக்கொண்டு, பொண்ணு பார்க்கப் போகிறவன் மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே போனான்.

"வா மதி. வந்து பாரு. தூசியே இல்ல."

அவள் மெல்ல நடந்து வந்து தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் வேக்கத்தைப் போட்டு டிரில்லை எடுத்தான். பழக்க தோஷத்தில் சந்திரமதியின் கை ஹோஸைப் பிடிக்க நீண்டது. ஹோஸ் பாட்டில் கழுத்தில் இறுக்கமாக மாட்டியிருந்தது. பிடிக்க எதுவுமில்லை. அளவு டேப்பைத் தேடினாள், அதற்கும் வேலையில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள். "உங்களுக்கு ஆளே வேணாம் போல." அரிசி களைய வேண்டும் என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கூப்பிட்டான், தலை வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த நாள் டிவி பார்க்கிறேன் என்றாள். ஜெயபாலனுக்குக் கோபம் வந்தது. "உனக்காகத்தான் இவ்வளவும் செஞ்சேன், தெரியுமா?" என்று சத்தம் போட்டான்.

"தெரியுங்க" என்றாள் சந்திரமதி. "ஆனா அங்க வந்து நான் என்ன செய்யட்டும்? பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

அந்த வார்த்தை அவனைப் பஸ் ஓட்டும்போதெல்லாம் குடைந்தது. அவளை மூச்சுவிட வைக்க ஒவ்வொரு இணைப்பாகப் பூட்டியவன், அவள் கை இருந்த இடத்தையெல்லாம் அடைத்துவிட்டிருந்தான். இணைப்பைக் கழற்றினால் தூசி அவளைத் தின்றுவிடும். கழற்றாவிட்டால் அவள் வரமாட்டாள். இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும் முன் போர்ச்சுக்குப் போய், அளவுப்பலகையிலிருந்து அந்தச் சாப்ஸ்டிக் குச்சியை உருவி யூனிஃபார்ம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"மதி, ஐயோ அலமாக், அந்தக் குச்சி எங்கயோ தொலைஞ்சிடுச்சி" என்றான் மதியம் வந்து. "பலகை வழுக்குது. ஒரு கை பிடிக்கிறியா?"

சந்திரமதி வந்தாள். பலகையைக் கடைசித் துளைக்கு நேராக நகர்த்தி, ஒரு கண்ணை மூடித் துளை வழியே பார்த்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அவன் டிரில்லை இறக்கினான். தட்டு வைத்துப் பார்த்தபோது ஆடவில்லை. "பார்த்தீங்களா? உங்க குச்சிய விட என் கண்ணு சரியா இருக்கு" என்று மார்தட்டிக்கொண்டாள். பேச்சும் திரும்பி வந்தது, முன்பு மாதிரி நீளமாக இல்லை, மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்தி.

மூர்த்தி வேலிப்பக்கம் எட்டிப் பார்த்து, "குச்சிக்கா இவ்வளவு பாடு? மீ கடையில கேட்டா ஒரு கட்டுத் தருவான் லா!" என்றான். ஜெயபாலன் முறைத்த முறைப்பில் பாவம் அவன் தலையை இழுத்துக்கொண்டான்.

அந்த மாதங்கள்தான் அவன் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். கேட்காதவர்களுக்குக்கூட அலமாரி செய்து கொடுத்தான். எந்தத் தட்டுக்கும் வேண்டாத துளையெல்லாம் போட்டான். நிறையத் துளை என்றால் நிறைய நேரம் அவள் பக்கத்தில் இருப்பாள். தூசியை அவன் அடைத்துவிட்டான். ஆனால் உள்ளே ஏற்கனவே விழுந்த தழும்பு தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. அவள் உள்ளங்கை பலகையை அழுத்த முடியாமல் நடுங்க ஆரம்பித்தது. பலகை நகர்ந்து துளைகள் கோணலாயின. அவள் தூங்கும்போது அவன் புது பிளைவுட் வெட்டி மாற்றிவைத்துவிடுவான்.

ஒரு காலையில் அவளால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. மூர்த்தி தன் காரை எடுத்தான். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். டாக்டரம்மா ஜெயபாலனைத் தனியே அழைத்து, அதிக நாள் இல்லை என்று சொன்னார். அவன் தலையாட்டினான். படியிறங்கிப் போய் வாசலில் நின்று அழுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலே வந்தான்.

சாயங்காலம் சந்திரமதி கண் திறந்தாள். மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் ஒதுக்கினாள்.

"மூர்த்தி வீட்டு அலமாரி பாதியில நிக்குதே" என்றாள்.

"கிடக்கட்டும். நீ வீட்டுக்கு வந்ததும் முடிப்போம். நீ பிடிக்காம எப்படி?"

"அந்தக் குச்சிய மாட்டிக்குங்க."

"அதுதான் தொலைஞ்சி போச்சின்னு சொன்னேனே, மதி."

அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. அது அடங்கக் காத்திருந்தாள்.

"உங்க யூனிஃபார்ம் பாக்கெட்டிலதான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் துவைக்கறப்ப எடுத்து வெளிய வப்பேன். காஞ்சதும் திரும்ப அதே பாக்கெட்டில போட்டு வச்சிடுவேன். நீங்க தேடக்கூடாதுன்னு."

அவளை ஏமாற்றியதாக நினைத்து அவன் சந்தோஷப்பட்ட அத்தனை நாளும், அவள் அவனுக்காக ஏமாந்துகொண்டிருந்திருக்கிறாள். நர்ஸுகள், பக்கத்துக் கட்டில்காரர்கள் யாரையும் பார்க்காமல் அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான்.

"அது இருந்தாலும் நிக்காது, மதி. நீ பிடிக்காம எனக்கு ஒண்ணுமே நிக்காது. வீட்டுக்கு வா."

"வரணும்னுதான் இருக்கு" என்றாள் சந்திரமதி.

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அவன் கையை அவள் கை பிடித்துக்கொண்டிருந்தது. விடியும் நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தபோது, ஜெயபாலன் நர்ஸைக் கூப்பிடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவனே அதைப் பிடித்திருந்தான்.