அம்மாவுக்குப் பொருந்திய ஆசனம்

எங்கள் கட்டடத்தில் கீழே யோகா வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். மருமகள் என் பெயரையும் கொடுத்துவிட்டாள். வேகமாகச் செய்வது, நிதானமாகச் செய்வது, மூச்சுப் பயிற்சி, இதில் உங்களுக்கு எது பொருந்தும் என்று சொல்லித்தருகிற பெண் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு இப்போதும் கூச்சம்; பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நாலாம் வகுப்பு படிக்கும்போதே இரண்டு பேருக்குப் பொருத்தமான ஆசனம் பார்த்துக் கொடுத்தவள் நான்.

அப்போது தாராவியில் எங்களுக்குப் பத்தடிக்குப் பத்தடி ஒரே ஒரு அறை, அங்கே அதைக் கோலி என்பார்கள். அதிலேதான் அடுப்பு, ஆட்டுரல், நாங்கள் எல்லாரும். அம்மா விடியும் முன்பே எழுந்து இட்லி அவிப்பாள். அப்பா அதைச் சைக்கிளில் வைத்து மாஹிம் பக்கம் விற்கக் கொண்டுபோவார். மத்தியானம் அம்மா பாத்திரம் கழுவி, அரிசி ஊறப்போட்டு, சாயங்காலம் மாவாட்ட உட்கார்ந்துவிடுவாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆசனம் சொல்லிக்கொடுத்தது அந்தச் சமயத்தில்தான். எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது, அவரவர் உடம்புக்கு எது சேருமோ அதைச் செய்யணும் என்றார். அம்மாவின் இடுப்பைச் சரியாக்கிவிடுவது என்று நான் முடிவு செய்தேன்.

முதலில் குனிந்து நிமிரும் சூரிய நமஸ்காரம். இரண்டாவது தடவையிலேயே நிறுத்திவிட்டாள். "இதத்தான நான் காலையிலேர்ந்து செய்யுதேன்." ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். சிரிப்பு வந்து பாத்திர அடுக்கில் சாய்ந்தாள். மூச்சை நன்றாக உள்ளே இழு என்றேன். வெளியே சாக்கடை, அடுத்த சந்தில் தோல் ஊறும் வாடை. "உங்க டீச்சர ஒரு நாள் இங்க வந்து இழுக்கச் சொல்லு," என்றாள்.

கடைசியில் சவாசனம். அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். பார்த்தால் லேசு, ஆனால் இருப்பதிலேயே கஷ்டமானது இதுதான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா படுத்தாள், கண்ணை மூடினாள். அவ்வளவுதான், விரல்கூட அசையவில்லை. அரை மணி நேரம் கழித்து எழுந்து, "எனக்கு இதுதாம்ட்டி ஒத்துக்கிடுது," என்றாள்.

எனக்குக் காலைப் பள்ளிக்கூடம். அதனால் தினமும் மத்தியானம் அம்மாவுக்கு ஆசனம், வாசலில் நான் காவல்.

ஒரு நாள் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, அடுத்த சந்தில் இருந்தாள். பகலில் பொம்பளை படுக்கக்கூடாது என்பது அவள் கட்சி. கண்டால் அப்பாவிடம் சொல்லாமல் விடமாட்டாள். சொன்னால் அம்மாவின் அரை மணி நேரம் போய்விடும். அத்தையைக் கண்டாலே ஆட்டுரலுக்குப் பின்னால் ஒளிகிற நான், அன்றைக்கு வாசல் நிலையில் இரண்டு கையையும் வைத்து மறித்தேன்.

"ஏட்டி, நட்ட நடுப்பகல்ல கால நீட்டித் தூங்குதாளா உங்கம்மா?"

"தூங்கல அத்த. ஆசனம். டீச்சர் சொன்னது. நடுவுல கூப்பிட்டா மொதல்லேர்ந்து செய்யணும்."

கடைசியாகச் சொன்னது டீச்சர் சொன்னதில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததோ.

அத்தை என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "கொறட்ட சத்தம்லா கேக்கு."

"மூச்சு அப்படித்தான் வரும்."

உள்ளே குறட்டை சட்டென்று நின்றது. ஆசனம் கலைந்ததோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, அம்மா கண்ணைத் திறக்கவில்லை. அத்தை கொஞ்ச நேரம் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பித்தவெடிப்பில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் கையில் பாயோடு வந்தாள். "டீச்சரம்மா, எனக்கு எது பொருந்தும்னு பாத்துச் சொல்லுங்க." நான் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து காட்டினேன். உதட்டைப் பிதுக்கியபடி பார்த்து முடித்துவிட்டு, அம்மா பக்கத்தில் பாயை விரித்தாள். "எனக்கும் இவளுக்கு உள்ளதே போதும். நீ வாசலப் பாத்துக்கோ."

அந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. அதற்கு முன்பு ஒரு நாள், வகுப்பில் எல்லார் முன்பும் நானாகவே எழுந்து, எங்கள் வீட்டில் இரண்டு பேர் அந்தக் கஷ்டமான ஆசனத்தை அரை மணி நேரம் செய்கிறார்கள் என்று சொன்னேன். அவ்வளவு நேரம் என்னாலேயே முடியாதே, எப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்று டீச்சர் கேட்டார்.

"வாசல்ல யாரையும் விடாம நின்னேன் டீச்சர்."

ஆசனத்தைப் பற்றிக் கேட்டால் வாசலைப் பற்றிச் சொல்கிறோமே என்று வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டேன். சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.