நான்காவது கல்லூரியைத் தேர்ந்தவர்கள்

இன்று லண்டன் நோர்பரியில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு தமிழ்க் கடையில், காசு கட்ட நின்ற வரிசையில், என் மருத்துவப் படிப்பு முடிவாகிவிட்டது.

நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். மூன்றை எப்படியோ தேர்ந்துவிட்டேன். நான்காவது ஸ்கொட்லாந்தின் அபர்டீனா, லண்டனா என்பதுதான் குழப்பம். என் நுழைவுத் தேர்வுப் புள்ளிகளுக்கு அபர்டீனில்தான் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு.

இதை அம்மா கடைக்கார அன்ரியிடம் சொல்லிவிட்டார்.

"அபர்டீனோ? அந்தக் குளிருக்குள்ள பிள்ளை தனிய என்னத்தைச் சாப்பிடும்?"

பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஓர் அங்கிளும் சேர்ந்துகொண்டார். "லண்டனையே போடுங்கோ தங்கச்சி. வீட்டில இருந்து போய் வரலாம்."

"லண்டனுக்கு என்ர மார்க்ஸ் காணாது அன்ரி," என்றேன்.

"சும்மா இரும் பிள்ளை. அப்பிடி வாயால சொல்லக்கூடாது."

பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னார்: "லண்டனையே போடு. எல்லாரும் சொல்லுகினம்தானே."

எல்லாரும் என்றால் இரண்டு பேர். ஆனாலும் என் வாயிலிருந்து "ஓம்" என்றுதான் வந்தது.

நாளை விண்ணப்பம் போக வேண்டும். கடை வரிசையை எதிர்த்து வென்றவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?