பின் அச்சு தேடிய ஞாயிற்றுக்கிழமைகள்

என் பழைய ஜீப்புக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வேண்டும் என்று பூந்தமல்லியில் ஒரு காயலான் கடைக்கு ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருந்தேன். டிஃபரன்ஷியல் என்பது பின் அச்சுக்குள் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. சாதாரணமானது என்றால், ஒரு பின்சக்கரம் சேற்றில் மாட்டியதும் அது மட்டும் வெறுமனே சுற்றும். மற்றது சும்மா நிற்கும். நான் தேடியது அந்த மற்ற சக்கரத்துக்கும் கொஞ்சம் இழுவை கொடுக்கும். மழை பெய்தால் வெள்ளானூரில் என் வீட்டுத் தெரு இருக்கிற லட்சணத்துக்கு இது தேவைதான் என்று கேட்பவர்களிடம் சொல்லலாம். கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற நாட்கள் அம்பத்தூர் கம்பெனியில் ஓடிவிடும். ஞாயிறு காலையில் எழுந்தால் மறுநாள் ஷிஃப்டுக்குப் போகும்வரை வாயைத் திறக்க வேலை இல்லை. காயலான் கடை பாய் மட்டும்தான் என்னோடு பேசினார். அதுவும் அச்சைப் பற்றித்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பழைய அச்சுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. பெயர்த் தகடு இருக்காது, இருந்தாலும் நம்பக் கூடாது. ஒரு பக்கத்துச் சக்கரம் மாட்டும் இடத்தைக் கையால் சுற்ற வேண்டும். மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரணச் சரக்கு. ஒரே திசையில் சுற்றினால் நாம் தேடியதாக இருக்கலாம், அல்லது எவனோ உள்ளே பல்சக்கரங்களை வெல்டிங் அடித்து ஒட்டியிருக்கலாம். அதனால் இன்னொரு சோதனை உண்டு, அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஒரு பக்கத்தைக் கடப்பாரை கொடுத்து அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் மறுபக்கத்தைத் திருப்ப வேண்டும். அசையவே இல்லையென்றால் வெல்டிங். லேசாகச் சுற்றினால் உள்ளே உரசிப் பிடிக்கும் பிளேட் தேய்ந்துவிட்டது. முரண்டு பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினால் நல்லது.

வந்த அச்சுகள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு குறை இருந்தது. "இதுவும் ஆவலையா சார்?" என்பார் பாய். நான் உதட்டைப் பிதுக்குவேன். அடுத்த ஞாயிறு உறுதியாகிவிடும். உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

அன்றைக்கு, திருவேற்காட்டில் யாரோ ஒருவருடைய ஜீப்பைப் பிரித்து எடுத்த பின் அச்சு வந்திருந்தது. கையால் சுற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே திசை. பாய் எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். என் பக்கத்தில் நீளமான ஸ்பானரைப் போட்டு, உடம்பு மொத்தத்தையும் கொடுத்து அழுத்தினேன். மெதுவாக, மனசில்லாமல் திரும்பியது. நல்ல பொருள் என்று கைக்கு உடனே தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் லூஸா இருக்கு பாய்" என்றேன்.

"லூஸா?" அவர் இன்னும் கடப்பாரையை விடவில்லை. "என் கைய புடுங்கிகினு போவுது சார். இத்தவிட டைட்டா எங்கியும் கெடைக்காது."

அச்சின் மறுமுனை அவர் கையில் இருக்கும்போது நான் என்ன பொய் சொல்வது? வாங்கிக்கொண்டேன். கடை ஆட்கள் அதைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். அவ்வளவு நாள் தேடியது கிடைத்துவிட்டது, எனக்கோ அழுகை வராத குறை.

"அவ்ளோதானா சார்? வேற இன்னா வோணும்?" என்று கேட்டார் பாய்.

வேறு எதுவும் வேண்டியதில்லை. "கியர் பாக்ஸ் ஒண்ணு பாத்து வைங்க பாய்" என்றேன்.

"கியர் பாக்ஸு நம்மகிட்டதான எடுத்துகினு போனீங்க? இன்னா, மக்கர் பண்ணுதா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கை கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கியர் பாக்ஸ்லாம் வோணாம் சார். ஞாயித்துக்கெழம சும்மா வாங்க."