என் பெயரை அழிக்க மறுத்த கோதை மேடம்

கோதை மேடம் தவறிப்போன செய்தியை பிரவுசிங் சென்டர்க்காரர்தான் போனில் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கிறார்களாம். நான் அழவில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களில் பலரும் அழுதிருக்க மாட்டீர்கள். உள்ளதைச் சொல்வதற்கென்ன?

நிலவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு வெப்ப இயக்கவியல் என்றாலே வேப்பங்காய். நான்கு கல்லூரி ஆசிரியர்கள் ஆளுக்கொரு பாடம் எழுதி இணையத்தில் போட்டால் எல்லாருக்கும் உதவுமே என்று ஆரம்பித்தவர் மேடம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பிளாப்பியை டிபன் பாக்ஸில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். ராஜபாளையத்தில் தற்காலிக ஆசிரியராக இருந்த நான், பிரவுசிங் சென்டரில் அதை இணையத்தில் ஏற்றுவேன். பாஸ்வேர்டும் என்னிடம்தான்.

யார் தப்பு செய்தாலும் பெயர், கல்லூரியோடு அந்தத் தப்பை இணையப் பக்கத்தில் போட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். முதலில் மாட்டியவன் நான். சுண்ணாம்புக்கல் கணக்கில் வெப்பநிலையைக் கெல்வினில் 298 என்று போடாமல், சென்டிகிரேடில் 25 என்றே போட்டுவிட்டேன். விடை தலைகீழ். என் கணக்குப்படி நம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் எல்லாம் தானாகவே வேறு கனிமமாக மாறியிருக்க வேண்டும்! என் பெயரை என் கையாலேயே ஏற்ற வைத்தார்.

நிரந்தர வேலைக்கான நேர்காணல் வந்தது. ஒரே ஒரு மாதம் என் பெயரை எடுத்துவிடட்டுமா என்று கெஞ்சினேன்.

"பேர எடுத்துட்டா தப்பு யாரோ செஞ்சதா ஆயிரும் சார். ஒங்களுக்கு இந்த வேல போனா வேற வேல கெடைக்கும். தப்பாப் படிச்ச பிள்ளைக்கு வேற மூளையா கெடைக்கும்?"

நேர்காணலில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். வேலை கிடைக்கவில்லை. இன்றுவரை தற்காலிகம்தான்.

பொறவு அவர் படுக்கையில் விழுந்தார். ஒருநாள் போன். அவர் வரைந்த படத்திலேயே தப்பு. தண்ணீர் சேர்ந்தால் பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். படத்தில் ஈரப்பாறை, உலர்பாறைக் கோடுகளின் பெயர்கள் இடம் மாறிக் கிடந்தன. திருத்தி, தன் பெயரையும் போடச் சொன்னார். சரி என்றேன், செய்யவில்லை. பிள்ளைகள் தப்பாகவே படிக்கட்டும், பழி அவர் தலையில் விடியட்டும் என்று இருந்தேன். என் வயிற்றெரிச்சல் அப்படி.

போன மாதம் மறுபடி கூப்பிட்டார். குரல் நைந்திருந்தது.

"ஏத்தியாச்சா சார்?"

"ஏத்தியாச்சு மேடம்."

"எம் பேரோடதானே?"

"ஆமா."

"ஒங்களுக்கு நான் செஞ்சது கொடுமதான். ஆனாலும் இந்த விஷயத்துல ஒங்கள ஒருத்தரத்தான் என்னால நம்ப முடியுது" என்றார்.

அதற்குப் பிறகாவது திருத்தியிருக்கலாம். இன்று காலைதான் திருத்தினேன், பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்த பிறகு. மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கடைசிப் பேச்சு ஒன்றுதான். யாரையும் பாராட்டியே அறியாத மனுஷி, வாழ்நாளில் ஒரே தடவை பாராட்டினார். நான் சொன்ன பொய்க்கு.