ஓர்கிட்டுக்கு வாங்காத தண்ணீர்

கண்டியில் படிக்கும் மகள் போன விடுமுறைக்கு வந்தபோது, தேங்காய்ப் பொச்சுமட்டைத் துண்டில் கட்டிய ஒரு செடியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். விசிறிபோல விரிந்த இலைகள். முழுச் செடியும் என் உள்ளங்கைக்குள் அடங்கும். டோலும்னியா என்றாள். கரீபியன் தீவுகளில் பற்றைகளின் சுள்ளிகளில் ஒட்டிக்கொண்டு வாழும் ஓர்கிட் சாதியாம். மண் வேண்டாம், எரு வேண்டாம், காற்றில் தொங்கினால் போதும்.

“கிணத்துத் தண்ணி மட்டும் ஊத்திப்போடாதேங்கோ அப்பா. எங்கட தண்ணியில சுண்ணாம்பு கூட, வேர் கருகிப்போம்.”

என் கணவருக்குச் சுருக்கென்றது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, புளியங்குளத்துக் காணியில் கொட்டில் போடமுன்னமே இவர் இறைத்துத் துப்புரவாக்கியது அந்தக் கிணற்றைத்தான். அதற்குக் குறை சொன்னால் மகளென்றும் பார்க்கமாட்டார். அவள் போன மறுநாளே வாளியோடு போய் ஊற்றினார். சில கிழமைகளில் வேர்களில் வெள்ளை படிந்து, பச்சை நுனிகள் கருகத் தொடங்கின.

எனக்கென்றால் செடியைப் பற்றிய கவலை இல்லை. இவருடைய சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று கிளினிக்கில் சொல்லி, கிணற்றுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து என் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று அங்கே நின்று யோசிப்பேன். கால் வீங்கியிருக்கிறதா என்று இவர் குறுக்கே போகும்போதெல்லாம் பார்ப்பேன். சந்தியில் விற்கும், வடிகட்டிச் சுத்தமாக்கிய பில்ரர் தண்ணீரைப் பிளாஸ்ரிக் கானில் வாங்கிவந்து குசினி மூலையில் வைத்து, இனி இதைத்தான் குடிக்கவேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டேன். கான் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. இவர் குடிக்கிறார் என்று நம்பித்தான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

கச்சான் காற்று புழுதியை வாரிக் கொட்டிய ஒரு காலையில் செடி தொங்கிய மாமரத்தடியிலிருந்து கூப்பிட்டார்.

“இஞ்ச வா. பூத்திட்டுது.”

நூல்போன்ற தண்டில் மஞ்சளும் மண்ணிறமுமாய்ச் சின்னப் பூக்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“நீங்கள் கருக்கினதெல்லோ? எப்பிடிப் பிழைச்சுது?”

“பிள்ளை சொன்னது சரிதான். இப்ப காலமையும் பின்னேரமும் சட்டி நிறைய பில்ரர் தண்ணி விட்டு முக்கி எடுக்கிறனான்.”

“அப்ப நீங்கள் எதைக் குடிச்சனீங்கள்?”

அவர் கண் கிணற்றடிக்குப் போய் வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செடியைக் கழற்றிக்கொண்டு கிணற்றடிக்கே நடந்தேன். வாளியில் அள்ளினேன்.

“ஊத்தாதை. செத்துப்போம்.”

“சாகட்டும். அதுக்குக் கூடாத தண்ணி உங்களுக்கு மட்டும் நல்லதோ? இனி நீங்கள் குடிக்கிறதைத்தான் இதுவும் குடிக்கும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, பூவைப் பார்த்தார். பிறகு குசினிக்குள் போய்க் கோப்பையில் பில்ரர் தண்ணீரோடு வந்தார். என் முன்னால் நின்று முகத்தைச் சுளித்துக்கொண்டு முழுவதையும் குடித்தார்.

“சப்பெண்டு கிடக்கு,” என்றார். “கொண்டுபோய்க் கொழுவு.”

செடியை மரத்தில் திரும்பக் கொழுவினேன். நான் கும்பிட்டுக் கேட்டும் குடிக்காத மனுஷன் ஒரு சாண்கூட இல்லாத செடிக்காகக் குடித்தார். சந்தோஷமும் வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சலும் வந்தது.

இப்போது விடிந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அந்தச் செடியைத்தான். அது பட்டுப்போனால் இவரை எதைக் காட்டிக் குடிக்கவைப்பேன்?