குடையை மடக்கிய கோடை

கல்யாணமானதும் எனக்கு இரண்டு வீடுகள். கணவர் இலங்கையில், நான் பிறந்து வளர்ந்த கண்டியில் துணிக்கடை வைத்திருந்தார். கோடைக்கு மட்டும் கப்பலும் ரயிலும் ஏறி அவருடைய ஊரான எடப்பாடிக்கு வருவோம். ஓயாத மழையில் வளர்ந்த எனக்கு மழை என்றாலே சலிப்பு.

நான் வந்த முதல் கோடையில் கிணறு வற்றிக் கிடந்தது. எருதுகளை மறுநாள் சந்தையில் விற்றுவிட மாமனார் முடிவு செய்திருந்தார். அன்று மாலை மழை கொட்டியது. வாசலில் நனைந்தபடி நின்றவரிடம் குடையோடு ஓடினேன்.

“உள்ள வாங்க மாமா, காய்ச்சல் வந்திடும்!”

அவர் சிரித்தார். “குடைய மடக்கு சாமி! இதுக்குத்தான காத்துக் கெடக்கறோம்!”

மடக்கினேன். மாமியாரும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் தொப்பலாக நனைந்து சிரித்தோம். எருதுகள் சந்தைக்குப் போகவில்லை.

கண்டிக்குத் திரும்பிய அன்றும் மழைதான். பக்கத்துக் கடைக்காரர் அலுத்துக்கொண்டார். எனக்கோ, எடப்பாடியிலும் இப்படிப் பெய்கிறதா என்பதே நினைப்பாக இருந்தது.