கன்னட போர்டில் ஏபிசிடி

இதை அப்போதே எழுதியிருப்பேன். கோபத்தில் எழுதினால் எடிட்டர் பாதியை வெட்டிவிடுவார். அதனால் ஆறப் போட்டேன். போன வாரம் கதை நல்லபடியாக முடிந்தது. இப்போது எழுதலாம்.

கதாநாயகன் என் தங்கை ஸ்டெல்லாவின் வீட்டுக்காரர், ஆரோக்கியராஜ். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் வேலை. பைக்கின் சைடு மிரருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதைக் கையில் எடுத்து, விளக்கடியில் திருப்பி, கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அக்செப்ட். இருந்தால் ரிஜெக்ட். தேய்த்துச் சரிசெய்ய முடியும் என்றால் ரீவொர்க். இந்த மூன்றே வார்த்தையில் மனுஷனின் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணை நம்பித்தான் சம்பளம். அந்தக் கண்ணில்தான் பிரச்சினை.

ஸ்டெல்லா ஒருநாள் போன் செய்தாள். "அண்ணா, இவரு வருஷா வருஷம் கொஞ்ச நாள் காலையில எழுந்து ஜெபம் சொல்ற மாதிரி என்னமோ முணுமுணுக்கறாரு. இன்னிக்கு கிட்ட போயி கேட்டா, ஈ... எஃப் பீ... டீ ஓ ஸெட்னு வருது. எனக்குப் பயமா இருக்குதுண்ணா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவர்கள் கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல் வரப்போகிறது என்றால், மூன்று மாதம் முன்பே கண் பரிசோதனை போர்டின் போட்டோ தொழிலாளர் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட ஆரம்பித்துவிடும். எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். பப்ளிக் எக்ஸாம் கெட்டது! மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ஒப்பிப்பார்கள். கண் தெரிகிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை...

நேரே வீட்டுக்குப் போனேன்.

"ஏன் மாப்ள, கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட வேண்டியதுதானே?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது மச்சா. கண்ணாடி போட்டா ஃபைனல்ல வைக்க மாட்டாங்க. லோடிங்குக்குத் தள்ளிடுவாங்க. இந்த முதுக வெச்சிக்கினு நான் மூட்ட தூக்கறதா?"

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எச்.ஆர்.ல கேட்டியா?"

"அவங்கள போயி கேட்டா, இவனுக்குக் கண்ணு தெரியலன்னு தெரிஞ்சிடுமே!"

இப்படி ஒரு கணக்கு எங்காவது உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

போதாததற்குப் பக்கத்து லைனில் ஒரு கேமரா வைத்துவிட்டார்கள். மூடியை அதுவே பார்த்து, அதுவே ரிஜெக்ட் செய்கிறது. டீ கேட்பதில்லை, லீவு கேட்பதில்லை. "இந்தக் கேமராதான் மச்சா எங்க வேலைய தின்னப்போகுது" என்று அதற்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் சர்ச் ஹாலில் இலவச கண் முகாம். ஸ்டெல்லா ஸ்கூட்டர் சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, கேட்டருகில் நின்றுகொண்டாள். மாப்பிள்ளை தப்ப வழியில்லை. ஆனால் அவர் முகத்தில் துளிகூடப் பயமில்லை. பாடம்தான் தயாராக இருக்கிறதே!

எல்லை ஊர் என்பதால் முகாமுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். போர்டு அருகில் நின்ற பெண் கன்னடக்காரர். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"யாவ பாஷெ சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். எந்த மொழி எழுத்து படிப்பீர்கள் என்று அர்த்தம்.

மாப்பிள்ளைக்குக் கன்னடத்தில் பேச ஆள் கிடைத்தால் உற்சாகம் தாங்காது. "கன்னடா பருத்தே மேடம்! சென்னாகி பருத்தே!"

நன்றாக வரும்தான். பேச. எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். மூன்று மொழியில் சண்டை போடுவோம், ஒரு மொழியில்தான் பஸ் போர்டு படிப்போம்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போர்டைத் திருப்பினார். கன்னட எழுத்துப் பக்கம் வந்து நின்றது. இவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் மேலே இருந்த பெரிய எழுத்தாவது தெரிந்திருக்கும். பார்த்தால்தானே!

"ஈ" என்றார் கம்பீரமாக. "எஃப், பீ. டீ, ஓ, ஸெட். எல், பீ, ஈ, டீ..."

வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா, "என்னாங்க இவரு, மன்றாட்டுமாலை சொல்ற ஸ்பீடுல சொல்றாரு!" என்றார். அவ்வளவுதான். மொத்த வரிசையும் சிரித்தது.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார்: "சார், இது கன்னடா போர்டு. இதுல ஏபிசிடியே இல்லெ."

மாப்பிள்ளை பொத்திய கையை எடுக்கவே இல்லை. இன்னொரு கையால் அடுத்த கண்ணையும் பொத்திக்கொண்டார்.

அந்தப் பெண் நல்ல பெண். திட்டவில்லை. சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, போர்டைத் திருப்பி... என்ன நடந்தது தெரியுமா? ஆங்கில போர்டில் கடைசி வரிவரை மனுஷன் நிறுத்தி நிதானமாகப் படித்தார். கீழிருந்து, நடுவிலிருந்து, விரல் வைத்த இடத்திலிருந்தெல்லாம் படித்தார். ஒரு சாதாரணக் கண்ணாடி. அவ்வளவுதான் தேவை. இதற்காகவா இத்தனை வருடம் விடியற்காலையில் டீ ஓ ஸெட்?

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் அடுத்த கேள்வி கேட்டார். "சுகர் இருக்கா சார்?"

"கொஞ்சம்."

எங்கள் பக்கம் யாருக்கும் சுகர் கிடையாது. எல்லோருக்கும் "கொஞ்சம் சுகர்"தான். கால் விரலை எடுத்தவரைக் கேட்டாலும் கொஞ்சம் என்றுதான் சொல்வார்.

மூலையில் திரை போட்டு மறைத்த இடத்தில் ஒரு கேமரா வைத்திருந்தார்கள். தாடையை வைக்கச் சொல்லி, ஒரு பளிச். விழிக்கு உள்ளே, பின்சுவரில் இருக்கும் விழித்திரையை அது படம் எடுக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களின் ஏகப்பட்ட விழித்திரைப் படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும், இவரை டாக்டரிடம் அனுப்பு, இவரை அனுப்பத் தேவையில்லை என்று அங்கேயே சொல்லிவிடுகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அலையாமல் கல்லாவி மாதிரி கிராமத்தில்கூட வைத்துப் பார்க்கலாம். இதே படத்தை வைத்து இதயத்தின் நிலவரத்தைச் சொல்ல முடியுமா என்றும் ஆராய்கிறார்களாம். அது இன்னும் ஆராய்ச்சிதான். இப்போதே செய்து தருகிறேன் என்று யாராவது விற்க வந்தால் விரட்டிவிடுங்கள்.

மாப்பிள்ளையின் படம் லேப்டாப்பில் வந்தது. ஆரஞ்சு நிற நிலா மாதிரி இருந்தது. அதில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். டாக்டரிடம் அனுப்பு என்றது மெஷின்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சுகரால ரத்தக் குழாய்ல கசிவு ஆரம்பிச்சிருக்கு சார். நடுப்பகுதிக்கு இன்னும் வரல. இப்ப வைத்தியம் பண்ணா இருக்கிற பார்வையக் காப்பாத்தலாம். விட்டுட்டா, போனது திரும்ப வராது."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே மேடம். கண்ணாடி போட்டா கடைசி வரி வரைக்கும் படிக்கிறனே?"

"ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது சார். தெரிய ஆரம்பிச்சப்பறம் வந்தா லேட்டு."

ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அந்த ஆரஞ்சு நிலாவையே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "என்னாங்க மேடம்... ரிஜெக்ட்டா?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "ரீவொர்க் மாப்ள" என்றேன். அன்றைக்கு நான் கத்தாமல் சொன்ன ஒரே வார்த்தை அது.

மற்றதெல்லாம் வெளியே வந்து கத்தினேன். இல்லாத ஆபத்துக்கு வருடக்கணக்காக மனப்பாடம் செய்த மனுஷனை என்னவென்று சொல்ல? எழுத்து தெரியாமல் போய்விடுமோ என்று பயந்தாரே தவிர, எழுத்தே இல்லாத இடத்தில், கண்ணுக்குப் பின்னால், வேறொன்று நடந்துகொண்டிருந்ததை யோசிக்கவே இல்லை. நாமெல்லாம் இப்படித்தான். டெஸ்டில் பாஸாகப் படிப்போம். டெஸ்ட் எதற்கு என்று கேட்க மாட்டோம்.

சர்க்கரை இருப்பவர்களே, "கொஞ்சம்" இருப்பவர்களும்தான், கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். அறிவுரை இவ்வளவுதான். இதற்கு மேல் சொன்னால் எனக்கே என்னைப் பிடிக்காது.

லேசர் வைத்தியம் ஆனது. மறுபரிசோதனையில் கசிவு அடங்கியிருக்கிறது என்றார்கள். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து ஒரு கண்ணாடி. அதை மாட்டிய புதிதில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஸ்கூட்டரில் போய்விட்டு வந்து என்னிடம் சொன்னார்: "மச்சா, தண்ணி ஓரமா இருக்கறது கல்லுன்னே இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன். எல்லாம் கொக்கு! நான் பாக்கறப்பவே ஒண்ணு பறந்துச்சி."

போன வாரம் கம்பெனி மெடிக்கல். கண்ணாடியோடு போய் உட்கார்ந்து, ஒப்பிக்காமல், பார்த்துப் படித்தார். "கண்ணாடியுடன் தகுதி" என்று எழுதி, அதே சீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லோடிங் கீடிங் ஒன்றுமில்லை. அப்படி ஒரு விதியே இல்லையாம்! இப்போது புலம்புவது அவருடைய சூப்பர்வைசர்தான். "கண்ணாடி போட்டு வந்து என்னாத்துக்குய்யா எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ற?" என்கிறாராம்.

மெடிக்கலுக்கு முதல் நாளும் வழக்கம்போல வாட்ஸ்அப் குரூப்பில் போர்டு போட்டோ வந்திருக்கிறது. மாப்பிள்ளை அதற்குக் கீழே கன்னட போர்டின் போட்டோவைப் போட்டு, "இதையும் மனப்பாடம் பண்ணிக்குங்கடா, எனக்கு இதான் வந்துச்சி" என்று எழுதியிருக்கிறார். அதற்கும் கீழே, தன் விழித்திரைப் படம். சிவப்புப் புள்ளிகளோடு.

பிறகு ஒருவர் கேட்டாராம்: "அண்ணா, எனக்கும் கொஞ்சம் சுகர் இருக்குது. அந்த கேமரா மறுபடி எப்ப வருது?"

எனக்குத்தான் கத்துவதற்கு ஆளில்லாமல் போய்விட்டது.